தண்டியடிகளும் நம் மாணாக்கரும்

திருவாரூரிலே பிறவியிற் கண்ணில்லாதவராகிய தண்டியடிகணாயனார், திருக்குளத்திலே கம்பு நாட்டிக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவரது கண்ணின்மையைச் சொல்லிச் சமணர் இகழ்ந்தனர் என்பது பெரியபுராண வரலாறு.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுச் சைவாசிரியர்களே! இதனைப் படிப்பிக்கும் நாமே ஒரு பிள்ளையை "நொண்டி", "செவிடன்" என்றழைப்போமாயின், இகழ்ந்தவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? அங்கக்குறை முன்வினைப்பயன் என்று ஒதுக்குவாருமுளர். பிறர் வினையை அளப்பவர் சிவபெருமானேயன்றி நாமல்லேம். குட்டநோயுற்றவரும் சிவனடியாராயின் வணங்கத்தக்கவரென்பது அப்பர் சுவாமிகள் துணிபு.

நாயனார் கண்பெற்றது பின்னர். தொண்டு செய்தது கண்ணில்லாதபோதே. குறை காரணமாகப் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க மறுத்தலை இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமும் விலக்குகின்றது. ஆதலின் அப்பிள்ளைக்கேற்ற கயிற்றைக் கட்டிக்கொடுத்தல் நங்கடன்.

வினா: உம் வகுப்பிலே அக்கயிறு யாது?