பேஸ்பால் தெரியாதவர் டிராஃப்டுக்குத் தயாராவது எப்படி?

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்க அலுவலகங்களில் ஒரு மின்னஞ்சல் சுற்ற ஆரம்பிக்கும். "பன்னிரண்டாவது அணிக்கு ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" ஃபேன்டஸி பேஸ்பால் லீகுக்கான அழைப்பு அது. நம்மவர்களில் பலர் அதைப் படித்த கையோடு அழித்துவிடுவார்கள். ஆட்டமே புரியாது, இதில் ஆறு மாதம் யார் மாரடிப்பது? நானும் இரண்டு வருடம் அழித்தேன். மூன்றாம் வருடம் சேர்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. மதியச் சாப்பாட்டு மேசையில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை எனக்குப் புரியாமல் போன பேச்சில் பாதி இதைப் பற்றித்தான்.

ஆட்டம் எளிது. லீகில் உள்ள ஒவ்வொருவரும் நிஜமான மேஜர் லீக் வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கற்பனை அணி சேர்க்கிறார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் எடுக்கும் எண்களே உங்கள் அணியின் எண்கள். ஒரே வீரர் ஒரு லீகில் இரண்டு அணிகளில் இருக்க முடியாது. அதனால் யார் யாரை எடுப்பது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் இரவுதான் டிராஃப்ட். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் நண்பர்களுடன் இதைத் தொடங்கினார். அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயர் லா ரொட்டிசரி ஃபிரான்சேஸ். இன்றும் இந்த வகை லீகை 'ரோட்டோ' என்று அழைப்பது அதனால்தான். கண்டுபிடித்த ஓக்ரென்ட் தம் லீகில் ஒருமுறைகூட வென்றதில்லை. புதிதாகச் சேர்பவர் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

இன்னோர் ஆறுதலும் உண்டு. உங்கள் எதிராளிகளில் பாதிப் பேர் சின்ன வயதிலிருந்தே ஏதோ ஓர் அணியின் ரசிகர்கள். யாங்கீஸ் ரசிகர் யாங்கீஸ் வீரரை இரண்டு சுற்று முன்னதாகவே எடுத்துவிடுவார். உங்களுக்கு அந்தப் பாசம் கிடையாது. கணக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

விதிப் பக்கம்

தயாரிப்பின் முதல் மாலையில் ஒரு வீரரின் பெயரைக்கூடப் பார்க்காதீர்கள். லீகின் விதிப் பக்கத்தை மட்டும் படியுங்கள். எத்தனை அணிகள், எத்தனை வீரர்கள், எப்படிப் புள்ளி, கேட்சர் ஒருவரா இருவரா, காயமடைந்தவரை வைத்துக்கொள்ளத் தனி இடம் எத்தனை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இவை தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த 300 வீரர்கள்' பட்டியலை அச்சிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வேறு ஏதோ ஒரு லீகுக்குப் போட்டது.

வழக்கமான ரோட்டோ லீகில் பத்துப் பிரிவுகள். அடிப்பவர்களுக்கு ஓட்டம், ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல), ஆர்பிஐ (தம் அடியால் அணிக்குச் சேர்த்த ஓட்டம்), ஸ்டீல் (எறிபவர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), பேட்டிங் சராசரி. எறிபவர்களுக்கு வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பது), ஸ்டிரைக்கவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ., விப். பன்னிரண்டு அணிகள் இருந்தால் ஒரு பிரிவில் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. பத்துப் பிரிவுகளையும் கூட்டினால் உச்சம் 120. ஹோம் ரன்னில் மற்றவர்களைவிட நூறு அதிகம் அடித்தாலும் கிடைப்பது அதே 12 தான். ஒரே பிரிவில் கொட்டிக் குவிப்பது வீண், எல்லாவற்றிலும் மூன்றாவது நான்காவதாக வந்தாலே கோப்பைக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

கிரிக்கெட் மூளைக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். நமக்குச் சராசரி என்றால் ஐம்பது. இங்கே .300, அதாவது பத்துக்கு மூன்று முறை வெற்றிகரமாக அடித்தாலே அவர் மேல்தட்டு. இ.ஆர்.ஏ. என்பது எறிபவர் ஒன்பது இன்னிங்ஸுக்குத் தம் கணக்கில் கொடுக்கும் ஓட்டங்கள். விப் என்பது ஓர் இன்னிங்ஸில் சராசரியாக எத்தனை பேரை பேஸுக்கு விடுகிறார் என்பது. இரண்டும் குறையக் குறைய நல்லது.

விதி மாறினால் வீரரின் விலையும் மாறும் என்பதற்கு 2023-ஐப் பாருங்கள். கைல் ஷ்வார்பர் அந்த ஆண்டு 47 ஹோம் ரன் அடித்தார், சராசரி .197. லூயிஸ் அர்ராயஸின் சராசரி .354, ஹோம் ரன் பத்து. ரோட்டோவில் ஷ்வார்பர் ஒரு பிரிவில் உங்களைத் தூக்கி இன்னொன்றில் அமுக்குவார். சராசரிக்குப் பதில் ஆன்-பேஸ் விகிதத்தை எண்ணும் லீகில் அவர் அடிக்காமலே பேஸுக்கு நடந்துபோகும் ஏராளமான 'வாக்'களும் (walk) கணக்கில் வருவதால் மதிப்பு சட்டென்று ஏறிவிடும். அதே வீரர், அதே ஆண்டு, மாறியது விதிப் பக்கத்தின் ஒரு வரி.

ஷோஹெய் ஒஹ்தானி இன்னொரு சிக்கல். 2024-ல் 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் என்று வரலாற்றில் யாரும் தொடாத இடத்தைத் தொட்டவர், பந்தும் எறிபவர். சில தளங்கள் அவரை அடிப்பவர் ஒருவர், எறிபவர் ஒருவர் என்று இரண்டு ஆளாகவே பிரித்து வைத்திருக்கின்றன. சிலவற்றில் அவர் ஒரே ஆள். உங்கள் லீகில் எப்படி என்று கமிஷனரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கமிஷனர் என்றால் பயப்பட வேண்டாம், லீகை நடத்தும் உங்கள் சக ஊழியர்தான்.

பட்டியல் அல்ல, படிக்கட்டு

இரண்டாம் மாலையில் வீரர்களைப் பாருங்கள், ஆனால் ஒன்று முதல் முந்நூறு வரை வரிசை போடாதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் படிப்படியாகக் கூட்டம் பிரியுங்கள். மூன்றாம் பேஸில் முதல் படியில் நாலு பேர், இரண்டாம் படியில் ஏழு பேர் என்பதுபோல. ஒரே படியில் இருப்பவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே இதன் பொருள். டிராஃப்டின்போது முதல் படியில் ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுங்கள், ஐந்து பேர் மிச்சம் என்றால் அடுத்த சுற்றுவரை பொறுக்கலாம். இந்த ஒரு பழக்கம் நான் படித்த எல்லா ஆலோசனைகளையும்விட எனக்கு அதிகம் உதவியது.

பொறுப்பதற்கும் கணக்கு உண்டு. வழக்கமான டிராஃப்ட் பாம்பு போல வளைந்து செல்லும். முதல் சுற்றில் முதலாவதாக எடுப்பவருக்கு அடுத்த முறை 24-வது, உடனே 25-வது, பிறகு 48-வது. பன்னிரண்டாவது ஆளுக்கு 12, 13, பிறகு 36. ஓரத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் 22 பேர் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தளங்கள் ஒவ்வொரு வீரரும் சராசரியாக எத்தனையாவதாக எடுக்கப்படுகிறார் என்று காட்டும். நீங்கள் விரும்பும் ஆளின் எண் 30 என்றால், 24-ல் விட்டுவிட்டு 48-ல் கிடைப்பார் என்று கனவு காணாதீர்கள்.

ஸ்டீலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வழிகாட்டிகள் அது அரிய சரக்கு, முன்னதாக வாங்கு என்று சொல்லும். 2023-ல் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், எறிபவர் ஓடுபவரைப் பிடிக்க முயலும் தடவைகளுக்கும் வரம்பு வந்தது. 2022-ல் மொத்தம் 2,486 ஸ்டீல். அடுத்த ஆண்டு 3,503. கடையில் சரக்கு பெருகினால் விலை இறங்கத்தானே வேண்டும்? ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவருக்கு இன்று பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

கேட்சர்கள் அடிக்கடி ஓய்வெடுப்பவர்கள், ஒருவர்தான் தேவை என்றால் கடைசிச் சுற்றுகளில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தை முடித்துவைக்கும் குளோசர்களுக்கு வேலை நிரந்தரமில்லை, நாலு நாள் சொதப்பினால் மேலாளர் வேறொருவரை அனுப்பிவிடுவார். என் கருத்தில் முதல் ஐந்து சுற்றுகளில் குளோசரை எடுப்பது பணத்தை ஆற்றில் போடுவது. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் பந்து பறக்கும். அங்குள்ள அணியின் அடிப்பவரை எடுங்கள், எறிபவரைத் தொடாதீர்கள்.

காயம் மட்டும் யார் கணக்குக்கும் கட்டுப்படாது. 2023-ல் ரொனால்ட் அக்குன்யா 41 ஹோம் ரன், 73 ஸ்டீல். 2024 டிராஃப்டுகளில் பெரும்பாலும் முதல் ஆள் அவர்தான். மே மாதம் முழங்கால் தசைநார் கிழிந்து 49 ஆட்டங்களோடு அந்த வருடம் முடிந்தது. அவர் அணித் தோழர் ஸ்பென்சர் ஸ்டிரைடர் 2023-ல் 281 ஸ்டிரைக்கவுட் எடுத்தவர். அடுத்த வருடம் இரண்டே ஆட்டம் எறிந்து முழங்கையோடு மருத்துவமனைக்குப் போனார். இருவரையும் சேர்த்து எடுத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் செய்த தேர்வில் தவறு எதுவும் இல்லை. எறிபவர்களின் முழங்கை அறுவை சிகிச்சை ஓர் ஆண்டுக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால், என் முதல் மூன்று பேரில் இருவர் எப்போதும் அடிப்பவர்கள்.

ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களின் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். யார் காயம், யாருக்கு முதலிடத்தில் அடிக்கும் வேலை, யாருடைய பந்தின் வேகம் கூடியிருக்கிறது என்ற செய்திகள் மட்டும் போதும்.

ஏல லீக் என்றால்

சில லீக்குகளில் முறைவைத்து எடுப்பது கிடையாது, ஏலம்தான். ஐபிஎல் ஏலம் பார்த்தவருக்கு இது தண்ணி பட்ட பாடு. மரபுப்படி ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், அதில் 23 வீரர்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைக்கும் பெரிய பெயர்களை முதலில் ஏலத்துக்கு விடுங்கள், அடுத்தவர் பணப்பை காலியாகட்டும். கடைசியில் ஒரு டாலர் ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் கையில் மூன்று டாலர் மிஞ்சியிருப்பவரே அங்கே ராஜா.

அன்றைய இரவு

ஒவ்வொரு தேர்வுக்கும் நேரம் குறைவு, பெரும்பாலும் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை. அடுத்து எடுக்க ஐந்து பேரை வரிசையில் போட்டே வைத்திருங்கள். அலுவலக மடிக்கணினியில் உட்காராதீர்கள், சொந்தக் கருவியும் சொந்த இணைப்பும் உத்தமம். நுழைவுப் பணம் கேட்டால், கம்பெனி விதி அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் மேலாளரும் லீகில் இருந்தால் அவர் கண்வைத்த வீரரை மரியாதைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். அவரே அதை ரசிக்கமாட்டார்.

தோற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜூன் மாதம் கடைசி இடத்துக்குப் போனதும் அணியைக் கவனிக்காமல் விடுபவரைத்தான் மன்னிக்கமாட்டார்கள். காயமடைந்தவர் அப்படியே வரிசையில் கிடப்பார், மற்ற அணிகளுக்குப் புள்ளி இலவசம். அடுத்த வருடம் அந்த மின்னஞ்சல் அவருக்கு வராது. அவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதைப் பற்றியும் சிலர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

என் முதல் டிராஃப்டை நான் பார்க்கவே இல்லை. அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தேன். அழைப்பில் இரவு ஏழு மணி என்று இருந்தது. சாப்பிட்டு, படிக்கட்டுத் தாளை விரித்து, சரியாக ஏழுக்கு உள்ளே போனால் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஏழு மணி நியூயார்க் நேரம். வராதவருக்குக் கணினியே ஆள் எடுத்துக் கொடுத்துவிடும், எனக்கும் 23 பேரை எடுத்து வைத்திருந்தது. அந்த வருடம் மூன்றாவதாக வந்தேன். நானே உட்கார்ந்து எடுத்த அடுத்த வருடம் ஏழாவது. அதைச் சக ஊழியர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உங்களுக்கு இந்த வருட அழைப்பு வந்திருந்தால் அழிக்காதீர்கள். சேருகிறேன் என்று பதில் போடுங்கள், கூடவே நேரம் எந்த ஊர்க் கணக்கு என்றும் கேட்டுவிடுங்கள்.