கூண்டினுள் ஒரு காடு

நுழையும்முன்

பறவையை விரும்புவோர் பலர். பறவை விரும்புவதை அறிந்தோர் சிலர். தினை உண்ணும் சிட்டினங்கள் பல கூண்டில் எளிதில் பெருகும். உயிருள்ள பூச்சிகளைத் தேடி உண்ணும் பறவையை இனம்பெருகச் செய்வதோ அரிய பணி. அப்பணி காட்டுக்குத் துணையாகுமா, கேடாகுமா என்னும் வினாவை இப்பாடம் எழுப்புகிறது.

நிறைவாழ்வு வாழும் ஆடவனுக்கு வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் வழங்கும் பழமரபு. அங்கு மக்கள் பெரிதும் விரும்பி வளர்க்கும் பறவைகளுள் ஒன்று சோலைபாடி. 'முராய் பத்து' என்பது அந்நாட்டார் இட்ட பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் இப்பறவை, நம் தோட்டங்களில் காணும் குண்டுக்கரிச்சானுக்கு உறவினமாகும். கரிய மேனியும் செம்பழுப்பு வயிறும் நீண்ட வாலும் ஆண்பறவைக்கு அழகு. அவற்றினும் சிறந்தது அதன் குரல். பாட்டுப் போட்டியில் வெல்லும் பறவைக்கு அங்கே பெருவிலை உண்டு.

இணை சேர்த்தல்

சோலைபாடி தன் எல்லையைக் கடுமையாகக் காக்கும் இயல்புடையது. பழகாத பெண்பறவையைத் திடீரென உள்ளே விட்டால், ஆண்பறவை அதனைக் கொத்திக் கொல்லவும் கூடும். ஆதலால் இரண்டையும் முதலில் அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்துப் பழக்குவர். இது மரப்பொந்தில் கூடமைக்கும் பறவை. எனவே மரப்பெட்டியும் உலர்ந்த வேரும் நாரும் தரப்படும். பெண்பறவை நான்கைந்து முட்டைகள் இட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும்.

குஞ்சுகளின் உணவு

குஞ்சு பொரித்த நாள்முதல் வளர்ப்பவருக்கு ஓய்வில்லை. சிள்வண்டு, மாவுப்புழு, 'குரோத்தோ' எனப்படும் முசுறு எறும்பின் இளம்புழுக்கள் ஆகியவற்றை நாள்தோறும் பலமுறை தருதல் வேண்டும். மாவுப்புழுவில் சுண்ணாம்புச்சத்து குறைவு. அதனை மட்டுமே உண்டால் குஞ்சின் எலும்பு வலுவிழக்கும். உயிருணவு குறைந்தாலோ ஆள் நடமாட்டம் மிகுந்தாலோ, தாய்தந்தைப் பறவைகளே குஞ்சுகளைக் கூட்டிலிருந்து வெளியே எறிந்துவிடுவதுண்டு.

காடும் கூண்டும்

இத்துணை உழைப்பு வேண்டியிருப்பதால், காட்டிலிருந்து பிடித்து விற்பதே எளிதெனச் சிலர் கருதுகின்றனர். இதனால் தென்கிழக்காசியக் காடுகள் பலவற்றில் இப்பறவை அருகி வருகிறது. 2018இல் இந்தோனேசிய அரசு இதனைப் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் பட்டியலில் சேர்த்தது. வளர்ப்போரின் எதிர்ப்பால் அதே ஆண்டில் நீக்கியது. 2022இல் உலக நாடுகள் கூடி, இதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன.

வீட்டில் பொரித்த குஞ்சின் காலில், அது பிறந்த சில நாள்களிலேயே இணைப்பில்லா வளையம் ஒன்று அணிவிக்கப்படும். கால் பருத்த பின் அவ்வளையத்தை மாட்ட இயலாது. வளர்ப்புப் பறவைக்கு அதுவே சான்று. வாங்குவோர் அவ்வளையத்தைக் கேட்டுப் பெறும்போதுதான் வளர்ப்போரின் உழைப்பு காட்டுக்குத் துணையாகும். கேளாதபோது காட்டின் குரல் ஒன்று குறையும்.

இந்தியாவில் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் கூண்டில் வைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சோலைபாடியின் பாட்டை நாம் கேட்கவேண்டிய இடம் சோலையே.

தெரியுமா?

1889இல் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் கோச் என்னும் சிறுவன், தான் வளர்த்த சோலைபாடியின் குரலை எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவுசெய்தான். அறியப்பட்ட பறவையொலிப் பதிவுகளுள் அதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் காணப்படும் பூச்சியுண்ணும் பறவைகளின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.
2. 'வீட்டில் வளர்ப்பது காட்டைக் காக்கும்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் உரையாடுக.