திட்டினால் ஜெயிக்குமா?

கேள்வி: சக வீரர்களைத் திட்டித் தீர்க்கும் நட்சத்திர வீரர் நல்ல தலைவராக முடியுமா? கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைத்தானே எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

பதில்: காட்டுகிறார்கள், ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். 1995-ல் சிகாகோ புல்ஸ் அணியின் பயிற்சியின்போது வாய்த்தகராறு முற்றி, சக வீரர் ஸ்டீவ் கெர்ரின் முகத்தில் ஜோர்டான் குத்திவிட்டார். கெர்ருக்குக் கண் கன்றிப்போனது. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் ஜோர்டானை வெளியே அனுப்பினார். ஜோர்டான் பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஸ்கோர் 86-86. தன்னை இருவர் மறித்ததும் ஜோர்டான் பந்தைத் தந்தது அதே கெர்ரிடம். கெர் கூடையில் போட்டார், கோப்பை வந்தது.

இதை வசவின் வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது. பயிற்சியில் யாரையும்விட அதிகமாக உழைத்தவர் ஜோர்டான். துவண்டவர்களைத் தட்டிக்கொடுக்கச் சக வீரர் ஸ்காட்டி பிப்பன் இருந்தார், ஜோர்டானையே கட்டுப்படுத்த ஜாக்சன் இருந்தார். ஜோர்டான் பின்னர் சேர்ந்த வாஷிங்டன் விசார்ட்ஸ் அணியில் அவர்கள் இல்லை. அங்கே அவர் ஆடிய இரண்டு சீசனிலும் அணி பிளேஆஃபை எட்டவே இல்லை. 2001-ல் பள்ளி முடித்த கையோடு அந்த அணிக்கு வந்த குவாமி பிரவுனும் அவருடைய கடுமைக்குத் தப்பவில்லை. முப்பது வயது கெர் எதிர்த்து நின்று மரியாதை வாங்கினார். 19 வயதுப் பையன் எப்படி எதிர்த்து நிற்பான்?