பாதம் ஏன் முதலில் மரத்துப்போகிறது?

நீரிழிவு உள்ளவர்களிடம் கால்களைப் பற்றி நாங்கள் விசாரிக்கும்போது பெரும்பாலும் ஒரே வகையான விடைகளைக் கேட்கிறோம். "மதமதப்பாக இருக்கிறது", "பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது", "செருப்பு கழன்றதே தெரியவில்லை" என்பர். இரவில் பாதம் எரிகிறது என்போரும் உண்டு. இத்தொல்லைகள் கையிலோ முகத்திலோ தொடங்காமல் கால்விரல் நுனியில் தொடங்குவது ஏன்? நரம்புச் செல்லின் அமைப்பை அறிந்தால் காரணம் விளங்கும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள செல்

பெரும்பாலான செல்களைப் போல நரம்புச் செல்லுக்கும் உட்கருவைக் கொண்ட உடல்பகுதி உண்டு. அதிலிருந்து ஆக்ஸான் எனப்படும் மெல்லிய இழை நீள்கிறது. பாதத்தின் தொடுவுணர்வை அறியும் செல்லின் உடல்பகுதி, இடுப்பருகே முதுகெலும்பை ஒட்டிய சிறு முடிச்சில் அமைந்திருக்கிறது. அங்கிருந்து புறப்படும் இழை தொடையையும் முழங்காலையும் கடந்து கால்விரலின் தோலை அடைகிறது. தலைமுடியைவிட மிக மெல்லிய அவ்விழையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர்.

இழைக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி உடல்பகுதியிலேயே உருவாகி, இழையின் வழியே அனுப்பப்படுகிறது. விரைந்து செல்பவை ஒரு நாளில் சுமார் 400 மில்லிமீட்டர் கடக்கும். மெதுவாகச் செல்பவை சில மில்லிமீட்டரே நகரும். அவை கால்விரலை எட்டப் பல மாதங்கள் ஆகும். ஆற்றில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். நரம்பின் கடைமடை நம் பாதம்.

செய்தி செல்லும் முறை

ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். முள் தைத்தவுடன் இழையின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அம்மாற்றம் அடுத்த பகுதியின் வாயில்களைத் திறக்கிறது. இவ்வாறே செய்தி தண்டுவடம் வரை செல்கிறது. பின்னர்ச் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் பணிக்கு இடையறாத ஆற்றல் வேண்டும்.

சில இழைகளை ஸ்வான் செல்கள் மயலின் என்னும் கொழுப்புறையால் சுற்றியிருக்கும். உறையின் இடைவெளிகளில் செய்தி தாவித் தாவிச் செல்வதால் வேகம் மிகும். உறையற்ற இழைகளில் அது நொடிக்குச் சுமார் 1 மீட்டரே. கால்விரல் கல்லில் இடித்தவுடன் சுருக்கென்ற வலியும், சற்றுப் பின்னர் விண்விண் என்ற வலியும் தோன்றுவது இவ்வேறுபாட்டினால்தான்.

சர்க்கரை மிகும்போது

நரம்புச் செல், இன்சுலின் துணையின்றியே குளுக்கோஸை ஏற்கும். ஆகவே இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் செல்லுக்குள்ளும் மிகும். ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கெடுகிறது. நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் பழுதடைகின்றன. நீண்ட இழைகளே முதலில் நலிகின்றன. மரப்பு முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் அது தொடங்குவதுண்டு.

பழுதுற்ற இழை காரணமின்றிச் செய்தி அனுப்பினால், அதை எரிச்சலாக உணர்கிறோம். அழிந்த இழையோ எதையும் அனுப்பாது. எனவே எரிச்சல் தானாகக் குறைவது எப்போதும் நலத்தின் அடையாளம் அன்று. அதை நலமெனக் கருதி மருந்தையும் பரிசோதனையையும் கைவிடலாகாது.

இழந்த உணர்வு முழுமையாக மீள்வது அரிது. ஆயினும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பாதிப்பின் வேகம் குறையும். வைட்டமின் பி12 குறைபாடும் இதே தொல்லைகளைத் தரும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கு அக்குறைபாடு நேரலாம். அதனை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாத உணர்வைச் சில நிமிடங்களில் வலியின்றிச் சோதிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனை தேவை.

இல்லத்தார் கவனத்திற்கு

வலி உணராத காலுக்குக் கண்ணே காவல்.

• நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். பார்வை குறைந்தவருக்கு வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

• வெந்நீரின் சூட்டை அவர் காலால் அறிய முயல வேண்டாம். உணர்வு நன்றாக உள்ள வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும்.

• வீட்டினுள்ளும் செருப்பு அணியட்டும். அணியுமுன் உதறிப் பார்க்கட்டும். கோயில் பிரகாரத்தை வெயில் ஏறுமுன் சுற்றிவரலாம்.

• கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் வாங்கிய கால் ஆணிப் பட்டையை ஒட்டுவதும் கூடாது.

• கொப்புளம், புண், நிறமாற்றம், வீக்கம் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். "வலிக்கவில்லையே" என்று அவர் மறுத்தாலும் காத்திருக்க வேண்டாம்; வலியை அறிவிக்க வேண்டிய இழையே அங்கு இல்லாதிருக்கலாம்.