மீந்த புல்லைக் கூட்டித் தள்ளாதே

அன்புள்ள தம்பிக்கு,

கென்டக்கியில் ஆள் பற்றாமல் திணறும் ஒரு குதிரை லாயத்துக்கு உதவப் போனதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரித்து, பயிற்சியும் கொடுக்கிற இடம். குதிரைகள் 22, ஆட்களோ உரிமையாளரையும் உன்னையும் சேர்த்து இரண்டே பேர். குதிரையைப் பின்புறமாக நெருங்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் உனக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கு எரிச்சலூட்டிய இடத்துக்கு நேராக வருகிறேன். நண்பகலுக்குள் எல்லாக் கொட்டடிகளையும் சுத்தம் செய்து முடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறாய். நடுவே, ஒரு கொட்டடியில் இரவு போட்ட புல்லில் பாதி தின்னப்படாமல் கிடந்தது, அதைக் கூட்டித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறாய். எந்தக் குதிரை? லத்தி போட்டிருந்ததா? வாளியில் தண்ணீர் குறைந்திருந்ததா? கட்டுரை முடியும்வரை பதில் இல்லை. அன்று அந்த லாயத்தில் நடந்தவற்றுள் ஆக முக்கியமான செய்தி அதுதான். அதைக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாய்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் வேண்டும். உடம்போடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். குடலில் அடைப்போ வாயுவோ ஏற்பட்டால் வருகிற கோலிக் என்னும் வயிற்றுவலி சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும். தரையில் புரள்வதும், காலால் மண்ணைப் பறிப்பதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். ஆனால் அவற்றுக்கு முன்பே பல நேரம் தீவனம் மீந்து கிடக்கும், லத்தி குறைந்திருக்கும். கிரேக்கத் தளபதி செனபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, குதிரையேற்றம் பற்றிய தன் சிறு நூலில், லாயம் எசமானின் கண்ணில் அடிக்கடி படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினான். குதிரை தீவனத்தை இறைத்துவிட்டால் அதை நோய்க்கோ களைப்புக்கோ அடையாளமாகப் பார்க்கச் சொன்னான். நோய்க்கு அவன் சொன்ன காரணங்கள் இன்று செல்லுபடியாகாது. பார்க்கச் சொன்ன இடம் சரி.

என் வாதம் இதுதான்: ஆள் குறைந்தால் ஒரு லாயத்தில் முதலில் போவது சுத்தமன்று, கவனிப்பு. சுத்தம் செய்த கொட்டடியை எண்ணிவிடலாம், நிரப்பிய வாளியை எண்ணிவிடலாம், பயிற்சி கொடுத்த குதிரைக்கு ரசீது போட்டுவிடலாம். கவனித்ததை எண்ண முடியாது. அதனால் அவசரம் வந்ததும் ஒருவரும் அறியாமல் அது கழன்று போகிறது. மூன்று நான்கு குதிரைகளை மட்டும் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஒவ்வொன்றும் எப்படித் தின்னும், எந்தக் காலைத் தளர்த்தி நிற்கும், எங்கே லத்தி போடும் என்பது பழக்கத்திலேயே தெரியும். அதே ஆளிடம் பதினொன்றைக் கொடுத்தால் வேலை நடக்கும், அறிமுகம் நடக்காது. ஆகவே உதவ வருகிறவன் விட்டுப்போன வேலைகளின் மேல் பாய்வதற்கு முன், கையில் எதையும் எடுக்காமல் கொட்டடி கொட்டடியாக ஒரு சுற்று வரவேண்டும். மீந்த புல், தண்ணீர், லத்தி, நிற்கும் நிலை ஆகிய நான்கையும் பார்த்துப் பலகையில் குதிரையின் பெயரோடு எழுதிவிட்டு அதன் பிறகே வாருகோலைத் தொட வேண்டும். தானியங்கித் தண்ணீர்த் தொட்டி இருந்தால் எவ்வளவு குடித்தது என்பது தெரியாது. அங்கே லத்தியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு எங்கே போவது என்று நீ கேட்பாய். பயிற்சியை நிறுத்து என்பேன். உரிமையாளர் ஒப்பமாட்டார், பயிற்சிக்குத்தானே பணம் கட்டுகிறார்கள் என்பாய், நியாயமான மறுப்புதான். அடைத்தே வைத்தால் குதிரைக்குக் கெடுதல் என்பதும் உண்மை. ஆனால் வேலியிட்ட வெளியில் அவிழ்த்துவிடுவதற்கு ஒரு குதிரைக்குச் சில நிமிடங்கள் போதும். சேணம் பூட்டி, ஓட்டி, ஆற்றி, துடைத்துக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒரு வாரப் பயிற்சி போனால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். நடைபாதையைப் பளபளவென்று கூட்டுவது, சேணத்துக்கு எண்ணெய் போடுவது, பிடரி பின்னுவது எல்லாம் அதற்கும் முன்னால் போகட்டும். போதாக்குறைக்கு, குதிரைகள் உள்ளே நிற்கும்போது கூட்டுகிற தூசி அவற்றின் மூச்சுக்குள்தான் போகிறது.

நான் புதியவன், என் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது அடுத்த மறுப்பு. ஆன்னா சீவெல் 1877இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ நாவலில் ஜோ கிரீன் என்கிற சிறுவன் வருகிறான், நினைவிருக்கிறதா? ஓடிக் களைத்து வந்த குதிரைக்கு வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்தாமல் விட்டுவிட்டு, எல்லாம் சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுகிறான். குதிரை நோயில் விழுகிறது. சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்பதை லாயக்காரர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள், வெப்பத்தில் ஓடிவந்த குதிரையின் உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றித் தணிப்பது பாதுகாப்பானது என்று காட்டின. தண்ணீர் குடிக்கவிடாமல் தடுப்பதையும் இப்போது வல்லுநர்கள் நல்லதென்று சொல்வதில்லை. எனவே ஜோவின் பிழையை நான் தண்ணீரில் தேடமாட்டேன். தன் வேலை முடிந்தது என்று நினைத்தானே, நின்று பார்க்காமல் போனானே, அதுதான் பிழை. புதியவன் மருந்து கொடுக்க வேண்டாம், தீவனத்தை மாற்ற வேண்டாம். மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ கைதவறிக் கலந்து, அதில் மோனென்சின் என்னும் தீவன மருந்து இருந்துவிட்டால் குதிரை செத்துப்போகக்கூடும். புதியவன் பார்க்கலாம், எழுதலாம், கேட்கலாம். அதற்கு அனுபவம் தேவையில்லை.

இரண்டாவது குறை, குதிரை உன் தோளில் தலை சாய்த்து உன் தனிமையைப் புரிந்துகொண்டது என்கிற பத்தி. இதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. ‘கிளெவர் ஹான்ஸ்’ என்ற பெர்லின் குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. அதைச் சோதித்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேள்வி கேட்பவரின் உடம்பில் அவரே அறியாமல் நிகழ்ந்த நுண்ணசைவுகளைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் வெளியிட்டார். குதிரைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? அது உன் உடம்பை அவ்வளவு கூர்மையாக வாசிக்கிறது. நீயோ அதன் உடம்பை வாசிக்காமல் உன் சோகத்தை அதன் மேல் ஏற்றிவிட்டாய். புல்லைக் கூட்டித் தள்ளிய அதே பார்வைக்குறைதான் இது.

ஆனால் உறைபனிக் காலையில் வாளியில் படிந்த பனிக்கட்டியை உடைக்கிற அந்த இரண்டு பத்திகள்! உடைத்தும் ஒரு குதிரை இரண்டு வாய் மட்டும் குடித்துவிட்டு விலகியதை எழுதியிருக்கிறாய். குளிரில் தண்ணீர் குறைந்தால் குடலில் புல் இறுகி அடைத்துக்கொள்ளும் என்பது தெரிந்து எழுதினாயோ தெரியாமல் எழுதினாயோ, தமிழில் விலங்கு பராமரிப்பைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்மையான எழுத்து குறைவு. அந்தக் கண் உனக்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு கோபம்.

குதிரையைக் கவனிக்கிற விஷயத்தில் நம்மவர்கள் பழைய பாவிகள். பாண்டிய மன்னர்கள் அரபுக் கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, வணிகர்களும் வியாபாரம் தொடர வேண்டும் என்பதற்காகக் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், காரணத்தில் உண்மை இருக்கிறது. நரியைப் பரியாக்கிய கதையை நாம் போற்றி வைத்திருக்கிறோம். பரிக்குப் புல் போட்டவனைப் பற்றி நம்மிடம் கதை இல்லை. குதிரைக்குக் கொட்டுகிற பணத்தில் குதிரைக்காரனுக்குப் பங்கில்லை என்கிற வழக்கம் அமெரிக்காவிலும் மாறிவிடவில்லை. அங்கே லாய வேலைக்கு வெளிநாட்டவரை அழைத்துவரும் எச்-2பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 66,000. ஓட்டல்காரர்களும் தோட்ட வேலைக்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தை உன்னைப் போன்றவர்களின் பிரியம் நிரப்புகிறது. பிரியம் நல்லதுதானே என்பாய். நல்லதுதான், ஆனால் சம்பளத்துக்குப் பதிலாகப் பிரியத்தை வைத்து நடத்துகிற லாயத்தில், ஓடி ஓடி உழைக்கிறவனைக் கொண்டாடிவிட்டு ஆள் எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். ஒரே காலையில் 22 கொட்டடி என்று நீ எழுதுகிற பெருமை அதற்குத்தான் துணைபோகிறது.

அடுத்த முறை உதவப் போனால், இந்த வாரம் பயிற்சி வேண்டாம், காலையிலும் மாலையிலும் இரவு படுக்குமுன்னும் சுற்றிவந்து பார்ப்பது என் பொறுப்பு என்று உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடு. ஒப்பினால் வேலையைத் தொடங்கு. ஒப்பாவிட்டால், அங்கே வேண்டியது உதவிக்கு ஓர் ஆளன்று, சம்பளத்துக்கு இரண்டு ஆள் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்