மறுவிற்பனை வீடும் வங்கிக் கடனும்

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதும் கடிதம்.

பெங்களூரில், விற்பவரே வாங்கி ஓராண்டு நிறையாத வீட்டை வீட்டுக்கடன் பெற்று வாங்க முனையும் இளையவர், வங்கியின் கடன் ஒப்புதலை அவ்வீட்டுக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொள்ளலாகாது. வங்கியின் பேனல் வக்கீலும் மதிப்பீட்டாளரும், கடன் தொகையைப் பின்னாளில் மீட்க முடியுமா என்பதை அறிவதற்காகவே பத்திரங்களையும் கட்டடத்தையும் பார்க்கின்றனர். வீட்டின் மதிப்பு சரியும் நிலை வந்தால் முதலில் கரைவது வாங்குபவரின் முன்பணமாகையால், அவர் தம் செலவில் தனி வக்கீல் ஒருவரை அமர்த்திக்கொள்வது இன்றியமையாதது.

வாங்கிய வீட்டை ஒருவர் ஏன் இவ்வளவு விரைவில் விற்கிறார் என்ற கேள்விக்கு, வேலை மாற்றம், குடும்பப் பாகப்பிரிவினை, பணமுடை என நேர்மையான விடைகள் பல உண்டு. ஆயினும் 24 மாதங்களுக்குள் வீட்டை விற்றால் கிடைக்கும் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயமாகி, விற்பவரின் வழக்கமான வருமான வரி விகிதத்திலேயே வரிக்குட்படும் என்ற நிலையிலும் ஒருவர் காத்திருக்கவில்லையென்றால், அதன் காரணத்தை விசாரித்து அறிவது வாங்குபவரின் உரிமையாகும். அமெரிக்காவின் மத்திய வீட்டுவசதி நிர்வாகம், விற்பவர் கைக்கு வந்து 90 நாட்களுக்குள் மறுவிற்பனையாகும் வீட்டுக்குரிய கடனுக்குப் பொதுவாகக் காப்புறுதி அளிப்பதில்லை. 91 முதல் 180 நாட்களுக்குள் விலை இருமடங்கானால் இரண்டாவது மதிப்பீட்டைக் கோருகிறது. இந்தியாவில் அத்தகைய காத்திருப்பு விதி இல்லாததால் அந்தக் கவனத்தை வாங்குபவரே மேற்கொள்ள வேண்டியுள்ளது.

அதற்குரிய வழி, விற்பவரின் கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடாமல், அவருக்கு விற்றவரின் பத்திரத்தையும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களையும் வரிசையாகப் படிப்பதும், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் ஈ.சி. என்னும் வில்லங்கச் சான்றைக் கர்நாடக அரசின் காவேரி இணையதளம் வழியாகப் பல ஆண்டுகளுக்குப் பெற்று ஒப்பிடுவதுமாகும். இந்நகரில் இவற்றினும் அதிகச் சிக்கல் தருவது காத்தா, அதாவது சொத்துவரிக்காக மாநகராட்சி பேணும் சொத்துப் பதிவாகும். இது உரிமைப் பத்திரமன்று. எனினும் முறையான அனுமதி பெற்ற சொத்துகளுக்குரிய ஏ காத்தாவுக்கும், குறையுள்ளவற்றிடமிருந்து வரி வசூலிப்பதற்கென வைக்கப்பட்ட பி காத்தாவுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கடன் வழங்குவோர் கூர்ந்து நோக்குகின்றனர். பி காத்தா வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் மறுப்பதுண்டு. கடன் தருவோரும் கூடுதல் வட்டி கேட்பதுண்டு. விரைவு விற்பனைக்குப் பின்னால் இந்த இடர்ப்பாடே மறைந்திருக்கவும் கூடும். அடுக்குமாடியாயின் ஓ.சி. எனப்படும் குடிபுகு சான்றும் தேவை. நிறைவுச் சான்றையோ குடிபுகு சான்றையோ சரிபார்த்த பின்னரே கட்டடத்தின் பிணையில் வங்கிகள் கடன் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதை வாங்குபவர் நினைவிற் கொள்வது நன்று.

பணக் கணக்கில் இளையவர்கள் பெரிதும் இடறுவது மதிப்பீட்டிலேயாகும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதத்தையும், 75 லட்சம் வரையிலானது 80 சதவீதத்தையும், அதற்கு மேற்பட்டது 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒரு கோடி ரூபாய்க்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 85 லட்சம் என மதித்தால், அம்மதிப்பின்படி கிடைக்கக்கூடிய கடன் 68 லட்சமே; மீதி 32 லட்சத்தோடு, துணை வரிகள் சேர்ந்த முத்திரைக் கட்டணம் 5.6 சதவீதமும், 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தப்பட்ட பதிவுக் கட்டணமும் சேர, ஏறத்தாழ 40 லட்சம் கையில் இருக்க வேண்டும். அதை ஈடுகட்டத் தனிநபர் கடன் வாங்குவது மாதத் தவணையை இரட்டைச் சுமையாக்கும். அத்தகைய நிலையில் விலையைக் குறைக்கக் கேட்பதோ, வீட்டை விட்டுவிடுவதோ மேல்.

வரிச் சுமையைக் குறைக்க விரும்பும் விற்பவர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால், உறுதியாக மறுத்துவிட வேண்டும். பத்திரத்தில் காட்டாத தொகைக்கு வங்கி கடன் தராது. வாங்கியவர் நாளை விற்கும்போது அது கொள்முதல் விலையிலும் சேராது. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. விலை 50 லட்சத்தை எட்டினால் அதில் 1 சதவீதத்தைப் பிடித்து, விற்பவர் கணக்கில் வரியாகச் செலுத்துவதும் வாங்குபவரின் கடமையே. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராயின் பிடித்தம் இதனினும் மிகுதி என்பதால் ஆடிட்டரைக் கலந்துகொள்வது நலம்.

விற்பவர் அண்மையில்தான் வாங்கினார் என்பதால் அவரது கடனும் பெரும்பாலும் தீர்ந்திராது. அசல் பத்திரங்கள் அவருடைய வங்கியில் அடமானமாக இருக்கும். நிலுவைத் தொகையையும் ஆவணப் பட்டியலையும் அவ்வங்கியிடமிருந்து எழுத்தில் பெற்று, புதிய வங்கி நிலுவையை நேரே அவ்வங்கிக்குச் செலுத்திப் பத்திரங்களைப் பெற்றுக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பானது. பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் பதிவாகாவிடில் வில்லங்கச் சான்றில் தென்படாது போகலாம் என்பதால், கடன் பிணைகளைப் பதிவுசெய்யும் மத்திய அமைப்பான செர்சாயின் தளத்திலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கொடுப்பதற்கு முன், கடைசி இரு கிரயப் பத்திரங்களின் நகல்களையும் வில்லங்கச் சான்றையும் பெரியப்பாவுக்கு அனுப்பிவைத்தால், வக்கீலின் கருத்தோடு சேர்த்துப் பார்த்துப் பதில் எழுதப்படும்.