பழைய கணினியில் இடத்தைக் காலி செய்வது எப்படி?



பல்கலைக்கழக விடுமுறை என்றாலே உறவினர் யாராவது ஒரு பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? இது ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாரு" என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். சி டிரைவ் நிரம்பி, சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் பலர் செய்வது, பெயர் புரியாத கோப்புகளையெல்லாம் அழிப்பது. இது ஆபத்தான வேலை. ஒரு மென்பொருள் போனால் மறுபடியும் ஏற்றலாம். ஆனால் நம் கிளையின் பத்தாண்டு விழாப் படங்கள், திருமுறைப் போட்டிப் பட்டியல், கணக்கு விவரம் எல்லாம் ஒரே கணினியில் மட்டும் இருந்தால்? போனது போனதுதான். ஆகவே, வரிசையாகச் செய்வோம். நான் சொல்வது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்குப் பொருந்தும்.

1. முதலில் பாருங்கள், எதையும் தொடாதீர்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். 500 ஜிபி வன்தட்டு 465 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம், யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2. நகல் எடுங்கள்

மீண்டும் கிடைக்காதது எதுவோ அதை முதலில் வெளி வன்தட்டிலோ பெண்டிரைவிலோ நகல் எடுங்கள். "கட்" வேண்டாம், "காப்பி" செய்யுங்கள். நடுவில் கேபிள் கழன்றாலும் மூலம் பத்திரமாக இருக்கும். நகல் முடிந்ததும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். படம் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று உறுதி செய்தபிறகே மூலத்தை அழிக்கலாம். ஆனால் அழித்தபின் மிஞ்சுவது ஒரே நகல் என்றால் அது பாதுகாப்பு ஆகாது. முக்கியமானவை எப்போதும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

3. பயமில்லாமல் அழிக்கக் கூடியவை

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் "டெம்பரரி ஃபைல்ஸ்" இருக்கிறது. தற்காலிகக் கோப்புகள், பழைய அப்டேட் மிச்சங்கள் ஆகியவற்றை அங்கிருந்தே நீக்கலாம். ஸ்டார்ட் பட்டியலில் "டிஸ்க் கிளீனப்" என்று தேடினால் வரும் கருவியும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: செட்டிங்ஸ் காட்டும் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்ற வரியும் இருக்கும். அதில் டிக் வைப்பதற்கு முன் அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். என் அத்தையின் கணினியில் அதற்குள்தான் தாத்தா கடைசியாகப் பாடிய தேவாரப் பதிவு இருந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அத்தை கணினியில் பதிவிறக்கியிருக்கிறார். அது நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அவருக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு டிக் வைத்திருந்தால் தாத்தாவின் குரலும் குப்பையோடு போயிருக்கும்.

"ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்" என்ற வரி இருந்தால் அது பல ஜிபி இருக்கும். புதிய விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால் நீக்கலாம். ஆனால் நீக்கியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அவசரமில்லை என்றால் விட்டுவிடுங்கள், பொதுவாக 10 நாளில் விண்டோஸே நீக்கிவிடும்.

ரீசைக்கிள் பின்னைக் கடைசியாகக் காலி செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துச் செய்தால் இன்னும் நல்லது. அதற்குள் யாராவது "என் அசைன்மென்ட் எங்கே?" என்று கேட்பார்கள்!

4. மென்பொருளை முறையாக நீக்குங்கள்

விளையாடாத விளையாட்டு, பயன்படுத்தாத செயலி இவற்றைச் செட்டிங்ஸில் உள்ள "ஆப்ஸ்" பகுதி வழியாக "அன்இன்ஸ்டால்" செய்யுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போய்க் கையால் அழித்தால் பாதி வேர் உள்ளேயே தங்கிவிடும்.

5. தொடவே கூடாதவை

விண்டோஸ் கோப்புறைக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள். அதிலுள்ள "வின்எஸ்எக்ஸ்எஸ்" பெரிதாகத் தெரியும். உண்மையில் அதே கோப்புகள் வேறு இடத்திலும் இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டு முறை எண்ணப்படுகின்றன. அங்கே கை வைத்தால் கணினி துவங்காமலே போகலாம்.

"ஒரே கிளிக்கில் கணினி வேகம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள கருவிகள் போதும்.

ஒன்டிரைவ் வைத்திருப்போர் கவனிக்கவும். அதன் கோப்புறையில் ஒன்றை அழித்தால் மேகக் கிடங்கிலும், இணைந்த மற்ற கணினிகளிலும் அது அழிந்துவிடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் கோப்பின் மீது வலது கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" தேர்ந்தெடுங்கள். கோப்பு மேகத்தில் இருக்கும், கணினியில் இடம் கிடைக்கும்.

6. தவறி அழித்துவிட்டால்?

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உடனே கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பழைய சுழலும் வன்தட்டில், புதியது மேலே எழுதப்படும் வரை பழைய தரவு அப்படியே கிடக்கும். மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்வதால் மீட்பது மிகவும் கடினம். அதனால்தான் இரண்டாம் படியை அவ்வளவு வலியுறுத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டது. இடத்தைக் காலி செய்வது கணினிக்கு மூச்சு விட இடம் தரும், பாதுகாப்பைத் தராது. வங்கி வேலைக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்துவோர் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

கிளைக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

அ) நம் கிளைக் கணினியில் ஒரே ஒரு நகல் மட்டும் உள்ள கோப்புகள் எவை? பட்டியல் எடுங்கள்.
ஆ) அவற்றின் இரண்டாம் நகல் யார் வீட்டில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்.
இ) டவுன்லோட்ஸ் கோப்புறையை இருவர் சேர்ந்து பாருங்கள். ஒருவருக்குக் குப்பையாகத் தெரிவது மற்றவருக்குப் பொக்கிஷமாக இருக்கலாம்.

இந்த வாரமே வீட்டில் உள்ள பெரியவர்களின் கணினியையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். அழிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.